சொல்லாமல் விட்ட கதை

கதை கேட்கும் குழந்தை இரண்டு கேள்விகளை ஓயாமற் கேட்கும். "பிறகு?" என்பது ஒன்று. "அதற்கு முதல்?" என்பது மற்றது. முதற் கேள்விக்கு ஏதாவது விடை சொல்லிச் சமாளித்துவிடலாம். கதை சொல்பவருக்கு நித்திரை வரும்வரை அரசகுமாரன் குதிரையேறி மேலும் மேலும் போய்க்கொண்டே இருக்கலாம். இரண்டாவது கேள்வி அப்படிப்பட்டதன்று. அந்தச் சூனியக்காரி ஏன் அவ்வளவு பொல்லாதவளானாள், சிறுமியாய் இருந்தபோது அவள் என்ன செய்தாள் என்று குழந்தை கேட்கும்போது, முன்னே சொன்ன கதையைக் கெடுக்காமல் விடை சொல்வது எளிதான காரியமா? பெரும் பொருட்செலவிலே, உலகமே பார்த்திருக்க, அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புகுந்து, தம்மைப் போற்றிய கூட்டத்தாரிடமே மனத்தாங்கலைச் சம்பாதித்துக்கொண்டவர் அமெரிக்கப் பட நெறியாளர் ஜோர்ஜ் லூக்கஸ்.

விஞ்ஞானப் புனைகதைகளில் நாட்டமில்லாத வீட்டாரும் இப்பக்கத்தைப் படிப்பர் ஆதலால், விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். 1977 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் திகதி 'ஸ்டார் வோர்ஸ்' என்ற படம் அமெரிக்காவில் வெளிவந்தது. எங்கோ ஒரு விண்மீன் மண்டலம். அங்கே கொடியதொரு சாம்ராச்சியம். அதனை எதிர்க்கும் ஒரு சிறு கூட்டம். பாலைநிலக் கிரகம் ஒன்றிலே உறவினர் பண்ணையில் வளரும் லூக் ஸ்கைவோக்கர் என்னும் இளைஞன், ஒபி-வான் கெனோபி என்ற முதியவரைச் சந்திக்கின்றான். அம்முதியவர், அழிந்துபோன 'ஜெடாய்' வீரர் கூட்டத்தில் எஞ்சியவர். அவரிடமிருந்து ஓர் ஒளிவாளையும், தன் தந்தையைப் பற்றிய சில செய்திகளையும் பெற்றுக்கொண்டு இளைஞன் போருக்குப் புறப்படுகின்றான். கறுப்புக் கவசமும் கனத்த மூச்சுமாய் எதிரே நிற்பவன் டார்த் வேடர். (நம் நாட்டு வேடருக்கும் இவனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.) 1980, 1983 ஆம் ஆண்டுகளில் மேலும் இரண்டு படங்கள் தொடர்ந்தன. இரண்டாவது படத்திலே, லூக்கின் கையை வெட்டி வீழ்த்திய பின்னர், தானே அவனுடைய தந்தை என்று வேடர் சொல்லும் கட்டம் சினிமாச் சரித்திரத்திலே இடம்பெற்றுவிட்டது. மூன்றாவதில் மகனைக் காப்பாற்றித் தந்தை மடிகின்றான். கதை முடிந்தது.

முடிந்ததா என்றால், அங்கேதான் வில்லங்கம். 1980 ஆம் ஆண்டுப் படம் தொடங்கியபோது, மேலெழுந்து செல்லும் முகவுரை எழுத்துக்களிலே அஃது ஐந்தாம் பாகம் என்றிருந்தது. சனங்கள் திகைத்தனர். மறு ஆண்டு முதற் படத்தைத் திரும்பவும் திரையிட்டபோது அதிலும் 'நான்காம் பாகம்' என்ற எழுத்துக்கள் புதிதாய்ச் சேர்ந்திருந்தன. ஆகவே முன்னே மூன்று பாகங்கள் உண்டு; அவை இன்னும் எடுக்கப்படவில்லை; என்றோ ஒருநாள் வரும். அந்த நாள் வர 1999 ஆம் ஆண்டாயிற்று. பதினாறு ஆண்டுக் காலம் இரசிகர்கள் காத்திருந்தனர்.

காத்திருந்த அவர்கள் கையில் இருந்த மூலதனம் எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாயிருக்கும். முதற் படத்திலே, நடிகர் அலெக் கின்னஸ் ஏற்ற கெனோபி என்னும் பாத்திரம், தம் குடிசையிலே இருந்துகொண்டு இளைஞனுக்குச் சொல்லும் ஒரு சில வாக்கியங்களே அவை. ஜெடாய் வீரர்கள் பன்னெடுந் தலைமுறைகளாகச் சமாதானத்தைக் காத்து நின்றனர். லூக்கின் தந்தை அந்த மண்டலத்திலேயே சிறந்த விண்கலமோட்டி, சூழ்ச்சியறிந்த வீரன், நல்ல நண்பன். 'குளோன் போர்கள்' என்று ஏதோ ஒரு போர் நடந்தது. தம்மிடம் கற்ற மாணாக்கன் ஒருவன் தீய வழியிற் சென்று எல்லாரையும் காட்டிக்கொடுத்தான். இவ்வளவுதான். கின்னஸ் என்ற அந்தப் பெரிய நடிகர் இவற்றைச் சொல்லும்போது ஒரு கணம் நிறுத்துவார். கண்கள் எங்கோ செல்லும். அந்த ஒரு கணத்துக்குள்ளே இரசிகர்கள் பதினாறு ஆண்டுகளாக வீடு கட்டிக் குடியிருந்தனர். குளோன் போர் எப்படி நடந்திருக்கும்? அந்த நட்பு எத்தகையது? நண்பன் நண்பனை எப்படி வெட்டினான்? ஒவ்வொருவனும் தன்தன் வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற ஒரு படத்தைத் தன் மனத்திலே எடுத்து, அதைப் பலமுறை ஓட்டியும் பார்த்துவிட்டான்.

1998 ஆம் ஆண்டு நவம்பரிலே முன்னோட்டத் துண்டு மட்டும் வெளியாயிற்று. அது காட்டப்படுகின்ற படமாளிகைகளுக்குப் பணங்கொடுத்து நுழைந்து, அந்த இரண்டொரு நிமிஷத் துண்டைப் பார்த்துவிட்டு, உரிய படம் தொடங்குமுன் எழுந்து போனவர்கள் அமெரிக்காவிற் பலர். இத்தகைய பசியோடு வந்தவர்களுக்கு 1999 மே 19 ஆம் திகதி முதலாம் பாகம் பரிமாறப்பட்டது. இரண்டாம் பாகம் 2002 இலும் மூன்றாம் பாகம் 2005 இலும் வந்தன. வருமானத்துக்குக் குறைவில்லை; முதலாம் பாகம் மட்டும் உலகெங்கும் 90 கோடி டொலருக்கு மேல் திரட்டியது. வீடு திரும்பியவர்களின் முகத்திலேதான் தெளிவில்லை.

ஏன் என்று கேட்டால் உடனே சொல்லப்படும் காரணம் ஒன்றுண்டு: 'முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை இருக்கும்? அந்தச் சிறுவன் வேடராகப் போகின்றான் என்பது ஊரறிந்ததாயிற்றே' என்பர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. சொபோக்கிளிஸ் எழுதிய ஈடிப்பஸ் நாடகத்தைப் பார்க்க வந்த ஆதென்ஸ் நகரத்தார், ஈடிப்பஸ் யாரைக் கொன்றான், யாரை மணந்தான் என்பதை வீட்டிலிருந்து வரும்போதே அறிந்துதான் வந்தனர். அவ்வளவு தூரம் போவானேன்? லூக்கஸின் முதலாம் பாகம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் முன்னர்தான், 1997 டிசம்பரில், 'டைட்டானிக்' வந்தது. கப்பல் மூழ்கும் என்று தெரியாமல் அப்படத்துக்குப் போனவர் யார்? அதுவரை வந்த எல்லாப் படங்களினதும் வருமானத்தை அது முறியடித்தது. முடிவு தெரிந்திருப்பது கதைக்கு இடையூறன்று. சில வேளைகளில் அதுவே பலம். பாத்திரங்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருப்பதால் அவர்கள் சிரிக்கும் இடத்திலே நம் நெஞ்சு அடைக்கும்.

குறை வேறிடத்திலே இருக்கின்றது. பழைய நாடக மேடைகளில் பின்புறத்தே ஒரு திரைச்சீலை தொங்கும். அதிலே தூரத்து மலையும், மலைமேற் கோட்டையும், கோட்டைக்குச் செல்லும் வளைந்த பாதையும் தீட்டப்பட்டிருக்கும். சபையில் இருப்பவனுக்கு அந்தக் கோட்டைக்குள் அரசன் இருக்கின்றான், படை இருக்கின்றது. எழுந்து சென்று கிட்ட நின்று பார்த்தால் சீலையும் சாயமுந்தான். 1977 ஆம் ஆண்டுப் படத்திலே கெனோபி சொன்ன பழங்கதை அத்தகைய திரைச்சீலை. முன்கதைப் படம் என்பது, இரசிகர்களைக் கையிற் பிடித்து அந்தச் சீலையருகே கூட்டிச் செல்லும் முயற்சி.

சீலைக்குப் பின்னே உண்மையில் ஏதும் இருந்ததா? இருந்தது, எல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது என்று நெடுங்காலம் நம்பியவர்கள் பலர். ஆனால் படைப்பின் வரலாறு வேறாயிருக்கின்றது. இரண்டாவது படத்தின் முதல் வரைவை எழுதியவர் லீ பிராக்கெட் என்ற நாவலாசிரியை. அந்த வரைவிலே லூக்கின் தந்தை ஆவியாய்த் தோன்றி மகனுடன் பேசுகின்றார், வேடர் வேறொருவன். அம்மையார் 1978 மார்ச்சில் காலமாகிவிட, அடுத்த வரைவை லூக்கஸ் தாமே எழுதினார். அப்பொழுதுதான் இருவரும் ஒருவராயினர். படப்பிடிப்பிலும் இரகசியம் கசியாதிருக்க, வேடரின் கவசத்துள் நின்ற நடிகருக்குப் பொய்யான வசனம் ஒன்றே கொடுக்கப்பட்டது. மெய்யான வசனத்தைப் பின்னர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் தமது கம்பீரமான குரலிற் பதிவு செய்தார். ஆக, கெனோபி குடிசையிலிருந்து பேசிய நாளிலே அவர் பேசிய அந்தப் பழங்காலம் எங்கும் இருக்கவில்லை. அலெக் கின்னஸின் கண்ணிலே மட்டுந்தான் இருந்தது.

இப்படிப் பிறந்த ஒன்றுக்குப் பின்னர் ஆதாரபூர்வமான சரித்திரம் எழுதப் புகும்போது என்ன நிகழும்? முதலாவதாக, விளக்கம் நுழையும். முதல் மூன்று படங்களிலே 'போஸ்' என்றொரு பேராற்றல் பேசப்படுகின்றது. உயிர்கள் எல்லாவற்றையும் சூழ்ந்தும் ஊடுருவியும் நிற்பது. நம்பிக்கையாலும் பயிற்சியாலும் கைவரப்பெறுவது. கண்ணைக் கட்டிக்கொண்டு வாள்வீசக் கற்ற லூக்கைப் பார்த்த அந்நாளைய சிறுவர்கள், தாமும் முயன்றால் கைகூடும் என்று மேசைமேலுள்ள கரண்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1999 ஆம் ஆண்டுப் படத்திலே, ஒன்பது வயதுச் சிறுவன் அனகின் ஸ்கைவோக்கரின் இரத்தத்தில் ஒரு துளி எடுத்துச் சோதிக்கின்றனர். 'மிடிக்குளோரியன்' என்ற நுண்ணுயிர்கள் இருபதினாயிரத்துக்கு மேல் அதில் இருக்கின்றனவாம்; மகா ஆசானாகிய யோடாவுக்குக் கூட அவ்வளவு இல்லையாம். ஓர் ஆன்மிக ஆற்றல் ஆய்வுகூட அறிக்கையாயிற்று. கரண்டியைப் பார்த்திருந்த சிறுவனுக்கு, அவன் பெரியவனான பின்னர், உனக்கு இரத்தத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பியதுபோல ஆயிற்று. அவன் கொண்ட கோபத்தை நாம் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கமாட்டோம்.

அடுத்து, உலகம் சுருங்கும். பொன்னிறமான இயந்திர மனிதன் ஸீ-த்ரீபீஓ என்பது, பல கைமாறிப் பாலைவனத்தில் வந்து விழுந்த ஒரு பணியாள் என்றே முதற் படம் நம்மை எண்ணவைத்தது. முன்கதையிலோ அதனைச் செய்தவனே சிறுவன் அனகின். பரந்து கிடக்கும் விண்மீன் மண்டலத்திலே எண்ணிறந்த கிரகங்கள்; ஆயினும் எவரைத் தட்டினாலும் அவர் இக்குடும்பத்துக்கு ஏதோ ஒருவகையில் வேண்டியவராயிருக்கின்றார். ஒரே ஒழுங்கையில் வாழும் நாலு வீட்டாரின் கதைபோல ஆகிவிடுகின்றது.

இந்நோய் லூக்கஸின் படங்களை மட்டும் பீடித்ததன்று. ரிட்லி ஸ்கொட் நெறிப்படுத்திய 'ஏலியன்' என்ற 1979 ஆம் ஆண்டுப் படத்திலே ஒரு காட்சி. அந்நிய விண்கலம் ஒன்றினுள், பிரமாண்டமானதோர் ஆசனத்திலே, அதனோடு சேர்ந்தே வளர்ந்ததுபோன்ற ஒரு பூத உடல் கல்லாய்ச் சமைந்திருக்கின்றது. அதன் மார்பு உள்ளிருந்து வெளியே பிளந்திருக்கின்றது. அது யார், எங்கிருந்து வந்தது, எத்தனை காலமாய் அங்கே இருக்கின்றது என்று ஒரு சொல்லும் இல்லை. பார்த்தவர்களின் மயிர் சிலிர்த்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 2012 ஆம் ஆண்டிலே, அதே நெறியாளர் 'புரோமீதியஸ்' என்ற முன்கதையிலே விடை தந்தார்: அந்த விசித்திர உருவம் ஓர் உடுப்பு, உள்ளே இருந்தது உயரமான, வெளிறிய ஒரு மனித உருவம். விடை தெரிந்தது, சிலிர்ப்புப் போயிற்று. இனிப் பழைய படத்தைப் பார்க்கும்போது அந்த ஆசனத்தில் இருப்பது ஒரு சட்டை என்ற எண்ணத்தை எவ்வாறு அகற்றுவது?

விளக்க வேண்டாதவற்றை இவ்வாறு விளக்கிய லூக்கஸ், காட்டவேண்டிய ஒன்றைக் காட்டாமலே போய்விட்டார் என்பது நமது பெரிய முறைப்பாடு. இரசிகர்கள் உண்மையிற் காண விரும்பியது நட்பு. கெனோபியின் குரலைத் தழுதழுக்க வைத்த அந்த நட்பு. முதலாம் பாகத்திலே அனகின் ஒன்பது வயதுப் பிள்ளை; கெனோபிக்கும் அவனுக்கும் படம் முடியும் தறுவாயிலேதான் உறவு தொடங்குகின்றது. இரண்டாம் பாகம் பத்து ஆண்டுகள் கழித்துத் தொடங்குகின்றது. அப்போது இருவரும் மின்தூக்கியிலே நின்றபடி, முன்னொருகால் ஒருவர் மற்றவரை ஆபத்திலிருந்து காப்பாற்றியதை நினைவுகூர்ந்து சிரிக்கின்றனர். நாம் காணவேண்டியிருந்த அந்தச் சம்பவத்தை அவர்கள் பேசி முடித்துவிடுகின்றனர்! குளோன் போரோ இரண்டாம் பாகத்தின் கடைசியில் தொடங்கி மூன்றாம் பாகத்திலே முடிகின்றது. இடைப்பட்ட மூன்றாண்டுப் போர் இரண்டு படங்களுக்கும் நடுவேயுள்ள இருட்டிலே நடந்து முடிகின்றது. எரிமலைக் கிரகத்திலே நண்பர் இருவரும் வாள்கொண்டு மோதும் இறுதிப் போர் கண்ணுக்கு விருந்துதான். நெஞ்சுக்கு வேண்டியதைச் சேர்த்துவைக்காமல் கண்ணுக்கு விருந்து வைத்தனர்.

காதலும் அவ்வாறே. இரண்டாம் பாகத்தில் அனகின் தன் காதலி பத்மேயிடம் மணலைப் பற்றி முறைப்பாடு செய்யும் வசனம் இன்றுவரை கேலிப்பொருளாயிருக்கின்றது. இதற்கு ஒரு காரணம் சொல்லலாம். 1980 ஆம் ஆண்டுப் படத்தை நெறிப்படுத்தியவர் இர்வின் கெர்ஷ்னர். இளவரசி லெயா தன் காதலை வெளியிடும் கட்டத்திலே ஹான் சோலோவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மறுமொழியை, நடிகர் ஹரிசன் போர்ட்டும் அவரும் தளத்திலேயே மாற்றி, தனக்கு அது தெரியும் என்று மட்டும் சொல்லும்படி சுருக்கினர். அந்தச் சுருக்கமே அக்காட்சியைச் சாகாவரம் பெறச் செய்தது. முன்கதைப் படங்களிலே கதையும் லூக்கஸ், நெறியாள்கையும் லூக்கஸ், முதல் போட்டவரும் லூக்கஸ். 'இது வாயில் வராது, ஐயா' என்று சொல்லக்கூடியவர் தளத்தில் இருந்ததாகத் தோன்றவில்லை.

முன்னுக்குப் பின் முரணும் உண்டு. 1983 ஆம் ஆண்டுப் படத்திலே, பெற்ற தாய் தனக்கு நினைவிருக்கின்றாளா என்று லூக் கேட்க, தான் சிறு பிள்ளையாய் இருக்கும்போது இறந்த அவளுடைய அழகையும் அன்பையும் முகத்தில் இருந்த சோகத்தையும் லெயா நினைவுகூர்கின்றாள். மிக மென்மையான காட்சி அது. 2005 ஆம் ஆண்டுப் படத்திலோ அத்தாய் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற கையோடு இறந்துபோகின்றாள். பிறந்த சில நிமிஷத்தில் கண்ட முகத்தை லெயா எவ்வாறு நினைவில் வைத்திருந்தாள்? இரசிகர்கள் இதற்கு ஆயிரம் சமாதானம் சொல்வர். எமக்கு வருத்தம் தருவது முரண்பாடன்று. ஒரு பெண் தன் தாயைப் பற்றிக் கொண்டிருந்த ஒரேயொரு ஞாபகம், இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், அவளிடமிருந்து பறிக்கப்பட்டதே என்பதுதான்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன், ஆறு படங்களையும் இலக்க வரிசைப்படி, ஒன்றிலிருந்து ஆறுவரை பார்த்து முடித்தவன். வேடர் தானே தந்தை என்று சொல்லும் கட்டத்திலே எல்லாரும் ஏன் அதிர்ச்சியடைந்தார்கள் என்பது தனக்கு விளங்கவில்லை என்றான். அவன்மேற் குற்றமில்லை. மூன்றாம் பாகத்திலேயே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. 1980 இல் ஒரு தலைமுறையின் மூச்சை நிறுத்திய செய்தி அவனுக்குப் பழைய செய்தி. இலக்கமிட்டவரே அந்தப் பொக்கிஷத்தின் திறப்பை வாசலில் தொங்கவிட்டுச் சென்றார்.

இவ்வளவும் சொன்னபின், இப்படங்களிலே மெச்சத்தக்கது ஒன்றுமில்லையா என்று கேட்பீர்கள். உண்டு; அதுவும் பலர் சிரித்த இடத்திலேயே உண்டு. முதலாம் பாகத்தின் முகவுரை, வர்த்தகப் பாதைகளுக்கு விதிக்கப்பட்ட வரி பற்றிய தகராறோடு தொடங்குகின்றது. வாள்வீச்சைக் காண வந்தவர்கள் 'வரியா?' என்று முகஞ்சுளித்தனர். சாம்ராச்சியம் என்றால் யாரோ ஒரு கொடியவன் படையெடுத்து வந்து பிடித்திருப்பான் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். முன்கதையோ வேறு சொல்கின்றது. வணிகர் பேராசையிலே தகராறு பிறக்கின்றது, தகராறு போராகின்றது, போரைச் சாட்டாக வைத்து அவசரகால அதிகாரம் கேட்கப்படுகின்றது, சபையே வாக்களித்து அதனைக் கொடுக்கின்றது. அந்தப் பிரேரணையைக் கொண்டுவருபவன் வேறெவனுமல்லன், இரசிகர்கள் வெறுத்த கோமாளி ஜார் ஜார் பிங்ஸ். சூதில்லாத ஒரு பேதை நல்லதென்று நம்பி எழுந்து பேசுகின்றான். ஒரு குடியரசு போய்விடுகின்றது. மூன்றாம் பாகத்திலே சாம்ராச்சியம் பிரகடனமாகும்போது சபை கைதட்டி ஆரவாரிக்கின்றது. சரித்திர பாடம் கற்பிப்போர் வகுப்பிலே எடுத்துக்காட்டத் தக்க காட்சி இது. இந்தப் பகுதி ஏன் நிலைத்து நிற்கின்றது? இதனை எந்த இரசிகனும் தன் மனத்திலே முன்னரே எடுத்து வைத்திருக்கவில்லை. பழைய கேள்விக்கு விடையாக வராமல், புதியதொரு கேள்வியாக வந்தது.

பிற்காலத்து முன்கதைகளைப் பார்த்தால் இவ்வேற்றுமை இன்னும் தெளிவாகும். லூக்கஸ் தமது நிறுவனத்தை 2012 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு டிஸ்னிக்கு விற்றுவிட்டார். பின் வந்தவற்றுள் 2018 ஆம் ஆண்டின் 'சோலோ' என்பது, ஹான் சோலோவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கூட விளக்கிற்று: படைக்கு ஆள் சேர்க்கும் உத்தியோகத்தர் ஒருவர், இவனுக்குச் சொந்தம் எவருமில்லை என்று கண்டு, எழுதிக்கொண்ட பெயராம். யார் கேட்டார்கள்? படமும் எதிர்பார்த்த வருமானத்தைத் தரவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் வந்த 'ரோக் வன்' வேறு மாதிரி. 1977 ஆம் ஆண்டுப் படத்தின் முகவுரையிலே, சாம்ராச்சியத்தின் மாபெரும் ஆயுதமாகிய 'டெத் ஸ்டார்' கோட்டையின் வரைபடங்களை ஒற்றர்கள் திருடினர் என்று ஒரு வாக்கியம் வரும். அவ்வொற்றர்கள் யாவர்? அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்கள் எல்லாரும் செத்தார்கள் என்பதே 'ரோக் வன்' படத்தின் கதை. இதற்குப் பின் அந்த முகவுரை வாக்கியத்தை முன்போல் வாசித்துக் கடந்துபோக முடிவதில்லை. அப்படத்திலும் ஒரு விளக்கம் உண்டு. அவ்வளவு பெரிய கோட்டை ஒரு சிறு துவாரத்தால் எப்படி அழிந்தது என்பது பல ஆண்டுகளாக இரசிகர்களின் பகிடியாயிருந்தது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்ட பொறியியலாளர் ஒருவர் வேண்டுமென்றே வைத்த பழுது அது என்று இப்படம் சொல்கின்றது. ஒரு தந்தையின் பழிவாங்கல் அந்தத் துவாரத்துள் இருந்திருக்கின்றது. விளக்கங்களிலும் சுருக்குவன உண்டு, விரிப்பன உண்டு.

அதே ஒற்றர்களுள் ஒருவனாகிய கசியன் அண்டோரின் முற்காலத்தைச் சொல்லும் 'அண்டோர்' என்ற தொடர் 2022, 2025 ஆம் ஆண்டுகளில் 24 அங்கங்களாக வந்தது. அவன் எங்கே, எப்படி இறப்பான் என்பது பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும். ஆயினும் அண்மைக் காலத்து நாடகங்களுள் சிறந்ததென்று அதனை விமர்சகர்கள் கொண்டாடினர். லூக்கஸ் இருட்டில் விட்ட குளோன் போரும் கேலிச்சித்திரத் தொடராக 2008 முதல் 2020 வரை ஏழு பருவங்களாக வெளிவந்து, அனகினுக்கும் கெனோபிக்கும் இடையிலான அந்த நட்பைக் கடைசியிற் கண்முன் நிறுத்தியது. அதிலே அசோகா என்ற மாணவி ஒருத்தியைப் புதிதாய்ப் படைத்துச் சேர்த்தனர். அவள் முடிவு எவருக்கும் தெரியாது. அவளைப் பற்றிய கவலையே தொடரைக் கொண்டு சென்றது.

இனிக் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். ஜார் ஜார் பிங்ஸ் என்ற அப்பாத்திரத்தை அசைவாலும் குரலாலும் நடித்தவர் அகமது பெஸ்ட் என்னும் இளைஞர். நடிகரின் அங்க அசைவுகளைப் பதிவுசெய்து கணினியால் உருவாக்கப்பட்ட முக்கிய பாத்திரங்களுள் அது முன்னோடி. தொழில்நுட்பத்திலே ஒரு சாதனை. ஏமாந்த இரசிகர்களின் ஆத்திரம் முழுவதும் அவர் தலையிலே கொட்டப்பட்டது. பாத்திரப் படைப்பைக் கண்டித்தவர்கள் சொன்னவற்றிற் சில நியாயமானவை. நடிகரை வேட்டையாடியதற்கு என்ன நியாயம்? அந்நாட்களில் தம் உயிரையே விட்டுவிடும் எல்லைவரை தாம் சென்றதை அவரே 2018 ஆம் ஆண்டிலே, தம் சிறு மகனுடன் ஒரு பாலத்தில் நின்றெடுத்த படத்தோடு, வெளியிட்டார். நமது மனத்திலுள்ள படமும் திரையிலுள்ள படமும் ஒவ்வாதபோது நமக்கு நேர்வது ஒரு மாலைப்பொழுதின் ஏமாற்றம். அதற்கு ஒரு மனிதனிடம் வசூலித்த விலை இது. தம்மிடமிருந்து எதையோ திருடிவிட்டார்கள் என்று இரசிகர்கள் முழங்கினர். பழைய மூன்று படங்களும் அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தன.

காலம் ஒரு வேடிக்கையும் செய்திருக்கின்றது. 1999 இல் முகஞ்சுளித்தவர்களின் பக்கத்து ஆசனத்திலே அவர்களுடைய பிள்ளைகள் இருந்தனர். அப்பிள்ளைகளுக்குக் கட்டிவைத்த வீடு எதுவுமில்லை. யோடா ஒளிவாள் ஏந்திச் சுழன்றபோது பெரியவர்கள் தலையிலடித்துக்கொள்ள, சிறுவர்கள் ஆசனத்தின்மேல் ஏறி நின்று கூவினர். அவர்கள் இன்று வளர்ந்துவிட்டனர். அனகினாக நடித்து அக்காலத்தில் இகழப்பட்ட ஹேடன் கிறிஸ்டென்சன் 2022 இல் அதே வேடத்தில் திரும்பியபோது அவரைக் கொண்டாடி வரவேற்றவர்கள் அவர்களே. 2023 இல் 'மண்டலோரியன்' தொடரிலே அகமது பெஸ்ட், தம் முகத்தோடு, குழந்தையொன்றைக் காப்பாற்றும் ஜெடாய் வீரராய்த் தோன்றியபோதும் அவ்வாறே. முதலாம் பாகம் 2024 மேயிலும் மூன்றாம் பாகம் 2025 ஏப்ரலிலும் மீண்டும் படமாளிகைகளுக்கு வந்து நல்ல கூட்டங் கண்டன.

வீட்டிலே பிள்ளைகளுக்கு இப்படங்களைக் காட்ட எண்ணியிருக்கும் பெற்றோர் எந்த வரிசையிற் காட்டுவது என்று கேட்கக்கூடும். வெளிவந்த வரிசையே எமது கட்சி: 1977, 1980, 1983, பிறகு மற்றவை. நான்காம், ஐந்தாம் பாகங்களைப் பார்த்துவிட்டு, நடுவே முன்கதைக்குச் சென்று, ஆறாம் பாகத்திலே முடிப்போரும் உளர். அதுவும் கெட்டிக்கார யோசனைதான். எந்த வழியிற் சென்றாலும் 1980 ஆம் ஆண்டுப் படத்தின் அந்தக் கட்டம்வரை தந்தையைப் பற்றி வாய்திறவாதிருங்கள். அதுவரை இப்பத்திரிகையின் இந்தப் பக்கத்தையும் அவர்கள் கண்ணிற் படாமல் எங்காவது மடித்து வைத்துவிடுங்கள்.